விட்டுப்போன எண்ணைக் கண்டறிதல்

இந்திய மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் வெளியீடுகளிலே, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்ற மொழிகளைப் பேசுவோர் தொகையைப் பத்தாண்டுக்கு ஒரு முறையாக வரிசைப்படுத்திக் காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் தமிழுக்குரிய வரியை நாம் பார்ப்போம். 1971-ஆம் ஆண்டில் தமிழைத் தாய்மொழி என்று கூறியோர் 3,76,90,106 பேர். 1991-இல் 5,30,06,368 பேர். 2001-இல் 6,07,93,814 பேர். 2011-இல் 6,90,26,881 பேர். இவையெல்லாம் வீடுதோறும் சென்று, கேட்டு எழுதிக் கூட்டிய எண்கள். ஆனால் 1971-க்கும் 1991-க்கும் இடையில், 1981-ஆம் ஆண்டுக்கு நேரே, எண் எதுவும் இல்லை. 'கிடைக்கவில்லை' என்னும் குறிப்பே நிற்கிறது. தமிழ்நாட்டின் அவ்வாண்டுக் கணக்கேடுகள் வெள்ளத்தில் அழிந்துபோயின என்பது அதற்குக் கூறப்படும் காரணம். மாநிலத்தின் மொத்த மக்கள் தொகை நமக்குத் தெரியும். தாய்மொழி பற்றிய முழுத்தொகை மட்டும் தெரியாது.

தமிழ்நாட்டுக்கு வெளியே, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நமக்கு இவ்வெறுமை சற்றுக் கூடுதலாகவே உறுத்தக்கூடியது. ஒரு மாநிலத்தில் சிறுபான்மையாக வாழும் மொழியினர் தம் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கேட்பதற்கு அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு இடந்தருகிறது. அவ்வாறு கேட்கும்போது முதலில் எழும் கேள்வி, 'நீங்கள் எத்தனை பேர்?' என்பதே. எண்ணிக்கை இல்லாத இடத்தில் கோரிக்கைக்கு வலிமை குறைவு. ஆகவே, ஓர் எண் விட்டுப்போனால் அதனை மீட்கும் வழி உண்டா, உண்டெனில் அவ்வாறு மீட்ட எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவை ஆராயத்தக்க வினாக்கள். புள்ளியியல் இதற்குக் கையாளும் கருவிகளுள் மிகப் பழையதும் எளியதும் ஆன ஒன்றைப் 'பெருக்கற் சராசரி' என்பர். அதன் இயல்பை முதலில் அறிந்துகொண்டு, பின்னர் நம் எண்ணைத் தேடுவோம்.

சராசரி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கூட்டுச் சராசரி. இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது அது. 4, 9 என்னும் எண்களின் கூட்டுச் சராசரி ஆறரை. பெருக்கற் சராசரியோ கூட்டுவதில்லை, பெருக்குகிறது. நான்கையும் ஒன்பதையும் பெருக்கினால் 36. அதன் வர்க்க மூலம் 6. அந்த 6-ஏ பெருக்கற் சராசரி. எண்கள் மூன்றாயின் அவற்றைப் பெருக்கிக் கனமூலம் காணவேண்டும். நான்காயின் நான்காம் மூலம். எண்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கும்போது பெருக்கற் சராசரி எப்பொழுதும் கூட்டுச் சராசரியைவிடச் சிறிதாகவே இருக்கும்.

இதனைக் கண்ணுக்குத் தெரியும் வடிவிலும் காணலாம். ஒரு நீள்சதுர நிலம் நான்கு கோல் அகலமும் ஒன்பது கோல் நீளமும் உடையது என்று கொள்வோம். பரப்பு மாறாமல் அதற்கு ஈடாக ஒரு சதுர நிலம் வேண்டுமெனில் அதன் பக்கம் எவ்வளவு? ஆறு கோல். நம் நாட்டில் வேள்விக் களங்களை அளந்து அமைப்பதற்கு எழுந்த நூல்களுள் ஒன்றாகிய போதாயனரின் சுல்ப சூத்திரம், நீள்சதுரத்தைப் பரப்புக் குறையாமல் சதுரமாக மாற்றும் முறையைக் கயிறும் கோலும் கொண்டு விளக்குகிறது. கிரேக்க நாட்டில் யூக்ளிட் எழுதிய நூலிலும் இதே செய்கை வேறொரு முறையில் வருகிறது. பெயர் வேறாயினும், அவர்கள் வரைந்து கண்ட பக்கம் நாம் இன்று பெருக்கற் சராசரி எனக் கூறும் அதே அளவுதான்.

இனி, கூட்டுச் சராசரி இருக்க இது எதற்கு என்னும் ஐயம் எழலாம். வட்டிக் கணக்கு அதனைத் தெளிவாக்கும். நூறு ரூபாய் முதல் ஒன்று, ஆண்டுதோறும் வட்டியும் முதலோடு சேரும் முறையில் வளர்ந்து, இரண்டாண்டில் 144 ரூபாய் ஆயிற்று. முதலாண்டு முடிவில் அது எவ்வளவாக இருந்திருக்கும்? நூறுக்கும் 144-க்கும் கூட்டுச் சராசரி 122. ஆனால் 122 என்று கொண்டால், முதலாண்டில் நூற்றுக்கு 22 வீதமும், இரண்டாம் ஆண்டில் 122 ரூபாய்க்கு 22 ரூபாய், அதாவது நூற்றுக்கு 18 வீதமும் வட்டி கிடைத்ததாக ஆகும். வட்டி வீதம் இடையிலே குறைந்ததற்குக் காரணம் ஏதும் இல்லை. பெருக்கற் சராசரி 120. இப்பொழுது முதலாண்டில் நூற்றுக்கு 20, இரண்டாம் ஆண்டில் 120-க்கு 24, அதுவும் நூற்றுக்கு 20. இரண்டாண்டும் ஒரே வீதம். இதுவே சரியான விடை.

இதிலிருந்து ஒரு விதியைப் பெறுகிறோம். ஒரு பொருள் ஆண்டுதோறும் ஒரே அளவாகக் கூடிக்கொண்டு வந்தால், இடையிலுள்ள எண்ணைக் கூட்டுச் சராசரியால் அறியவேண்டும். ஒரே விகிதத்தில் பெருகிக்கொண்டு வந்தால், பெருக்கற் சராசரியால் அறியவேண்டும். மக்கள் தொகை எத்தகையது? பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, இருக்கும் மக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. குழந்தைகள் வளர்ந்து தாமும் பெற்றோராகின்றனர். வட்டி முதலோடு சேர்ந்து மீண்டும் வட்டி ஈட்டுவதைப் போன்றதே இது. ஆகையால் மக்கள் தொகையின் இடையெண்ணைக் காணும்போது பெருக்கற் சராசரியை நாடுவது இயல்பு.

பள்ளிக் கணக்குகளில் இதே கருத்து வேறு வடிவில் வருவதுண்டு. நான்கு எண்களின் பெருக்கற் சராசரி 6. அவற்றுள் மூன்று 2, 4, 9. நான்காவது யாது என்று கேட்பார்கள். சராசரி 6 எனின், நான்கு எண்களின் பெருக்கம் ஆறின் நான்காம் அடுக்கு, அதாவது 1,296 ஆதல் வேண்டும். தெரிந்த மூன்றின் பெருக்கம் 72. 1,296-ஐ 72-ஆல் வகுத்தால் 18. விட்டுப்போன எண் அதுவே. இம்முறையில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. சராசரியை 6 என்பதற்குப் பதிலாக 6.1 என்று யாரேனும் எழுதிவிட்டால், விடை 18-லிருந்து 19.23-க்குத் தாவிவிடும். மற்ற மூன்று எண்களும் உறுதியாக நிற்பதால், பிழை முழுவதும் விட்டுப்போன எண்ணின் தலையிலேயே விழுகிறது. எண்களுள் ஒன்று சுழியாக இருந்தால் பெருக்கம் முழுதும் சுழியாகிவிடும். அப்போது இம்முறை பயன்படாது.

பெரிய எண்களைப் பெருக்கி மூலம் காண்பது ஒரு காலத்தில் கடின வேலையாக இருந்தது. 1614-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டு ஜான் நேப்பியர் வெளியிட்ட மடக்கை முறை அதனை எளிதாக்கிற்று. எண்களின் மடக்கைகளை எடுத்து, அவற்றின் கூட்டுச் சராசரியைக் கண்டு, அம்மடக்கைக்குரிய எண்ணைப் பார்த்தால் அதுவே பெருக்கற் சராசரி. நூறின் மடக்கை 2. பதினாயிரத்தின் மடக்கை 4. இவற்றின் சராசரி 3. மூன்றை மடக்கையாக உடைய எண் ஆயிரம். நூறுக்கும் பதினாயிரத்துக்கும் பெருக்கற் சராசரி ஆயிரம் என்பதை நேராகவும் சரிபார்க்கலாம். இன்று கையடக்கக் கணக்குப் பொறியே இவ்வேலையை நொடியில் முடித்துவிடுகிறது. ஆயினும் அதனுள் நிகழ்வது இன்னதென்று அறிந்திருப்பது நலம்.

எந்தக் கருவியையும் விடை தெரிந்த ஒரு கணக்கில் முதலில் சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை. இந்தியாவின் மக்கள் தொகை 1951-இல் 36.11 கோடி, 1971-இல் 54.82 கோடி. இடையிலுள்ள 1961-ஆம் ஆண்டு எண் நமக்குத் தெரியாதென்று பாவித்துக்கொள்வோம். பெருக்கற் சராசரி 44.49 கோடி என்கிறது. கூட்டுச் சராசரி 45.46 கோடி என்கிறது. உண்மையில் அவ்வாண்டு எண்ணப்பட்டோர் 43.92 கோடி. முன்னதன் பிழை 57 லட்சம். பின்னதன் பிழை ஒரு கோடியே 54 லட்சம். பெருக்கற் சராசரியே வென்றது. ஆனாலும் அது சரியாகப் பொருந்தவில்லை. காரணம் வெளிப்படை. இருபது ஆண்டும் ஒரே விகிதத்தில் மக்கள் பெருகினர் என்று அது கொள்கிறது. உண்மையிலோ முதற் பத்தாண்டில் நூற்றுக்கு 21.6 வீதமும், அடுத்த பத்தாண்டில் 24.8 வீதமும் பெருகினர்.

இது ஏட்டுப் பயிற்சி மட்டுமன்று. இந்தியக் குடிக்கணக்கிலேயே இத்தகைய இடைவெளிகள் நேர்ந்திருக்கின்றன. 1981-இல் அசாம் மாநிலத்தில் நிலவிய அமைதியின்மை காரணமாக அங்குக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. தமிழுக்கு எண் இல்லாத அதே ஆண்டில் அசாமிய மொழிக்கும் எண் இல்லாமற் போனதன் காரணம் இதுவே. அம்மாநிலத்தின் மக்கள் தொகை 1971-இல் 1,46,25,152, 1991-இல் 2,24,14,322. இவ்விரண்டுக்கும் பெருக்கற் சராசரி கண்டால் 181.06 லட்சம் வருகிறது. கூட்டுச் சராசரி கண்டால் 185.20 லட்சம். குடிக்கணக்குத் துறையினர் இருமுனை எண்களைக் கொண்டு இடைமதிப்பீடு செய்து வெளியிட்டிருக்கும் 1981-ஆம் ஆண்டு எண் 1,80,41,248. நம் பெருக்கற் சராசரிக்கும் அதற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறத்தாழ 65 ஆயிரம். அதாவது ஆயிரத்துக்கு நான்கு பேருக்கும் குறைவு.

1991-இல் ஜம்மு-காஷ்மீரில் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. அப்போது அடுத்த முனை இன்னும் வரவில்லை. ஆகவே பழைய எண்களைக் கொண்டு முன்னோக்கி மதித்து 77,18,700 என்று கொண்டனர். பின்னர் 2001-ஆம் ஆண்டுக் கணக்கு 1,01,43,700 என்று வந்தது. 1981-ஆம் ஆண்டு எண்ணோ 59,87,389. இரு முனையும் கைக்குக் கிடைத்த பின்னர் இடைமதிப்பீடு செய்து 78,37,051 என்று திருத்தினர். அதன் விளைவாக இந்தியாவின் 1991-ஆம் ஆண்டு மொத்தத் தொகையே 84,63,02,688 என்பதிலிருந்து 84,64,21,039 என்று மாறிற்று. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்தொரு பேர் எண்ணப்படாமலே ஏட்டில் ஏறினர். ஒரு முனையை மட்டும் பற்றிக்கொண்டு முன்னே நீட்டி மதிப்பதைவிட, இரு முனைகளுக்கு இடையே நின்று மதிப்பது உறுதியானது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

எனினும் இம்முறை எங்கே கைவிடும் என்பதையும் நாம் அறியவேண்டும். இன்றைய எல்லைகளுக்கு ஏற்பத் திருத்திய கணக்கின்படி, இந்தியாவின் மக்கள் தொகை 1911-இல் 25.21 கோடி, 1931-இல் 27.90 கோடி. இடையிலுள்ள 1921-க்குப் பெருக்கற் சராசரி 26.52 கோடி. எண்ணிக் கண்ட உண்மையோ 25.13 கோடி. மக்கள் தொகை பத்தாண்டில் வளரவில்லை, சிறிது குறைந்தேவிட்டது. 1918, 1919-ஆம் ஆண்டுகளில் பரவிய விஷக் காய்ச்சல் இந்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1921-இல் கணக்கெடுப்பே நடைபெறவில்லையென்றும், பின்வந்தோர் இரு முனைகளை வைத்து இடையெண்ணைக் கணித்துக்கொண்டனர் என்றும் நினைத்துப் பாருங்கள். ஏடு அழகாக நிரம்பியிருக்கும். வளர்ச்சி ஒழுங்காகத் தோன்றும். அப்பேரிழப்பின் சுவடே அப்பட்டியலில் இராது. ஒரே விகிதம் என்று நாம் கொள்ளும் கொள்கை, இடையில் நடந்த துன்பங்களையும் நன்மைகளையும் ஒருங்கே மறைத்துவிடும்.

இனி நம் எண்ணுக்கு வருவோம். தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் 1971-இல் 376.90 லட்சம், 1991-இல் 530.06 லட்சம். இவற்றைப் பெருக்கி வர்க்க மூலம் கண்டால் 446.97 லட்சம். கூட்டி இரண்டால் வகுத்தால் 453.48 லட்சம். இரண்டுக்கும் இடையே ஆறரை லட்சம் வேறுபாடு. இவற்றுள் எதனைக் கொள்வது?

இங்கே நமக்கு உதவும் சாட்சி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்த மக்கள் தொகை 1971-இல் 4,11,99,168, 1981-இல் 4,84,08,077, 1991-இல் 5,58,58,946. இம்மூன்றும் எண்ணிக் கண்டவை. தமிழ் பேசுவோருள் மிகப் பெரும்பாலோர் வாழ்வது அம்மாநிலத்திலேயே. ஆகவே மாநிலத்தின் வளர்ச்சி எவ்வாறு இருந்ததோ, மொழியினரின் வளர்ச்சியும் ஏறக்குறைய அவ்வாறே இருந்திருக்கும் என்று கொள்ளலாம். மாநிலத்தின் இருமுனை எண்களுக்குப் பெருக்கற் சராசரி 479.72 லட்சம், கூட்டுச் சராசரி 485.29 லட்சம். உண்மையில் எண்ணப்பட்டோர் 484.08 லட்சம். இம்முறை பெருக்கற் சராசரி சற்றுக் குறைத்துக் கூறிவிட்டது. கூட்டுச் சராசரியே அணுக்கமாக நிற்கிறது.

இதற்கு என்ன பொருள்? பெருக்கற் சராசரி பொய்யென்று பொருளன்று. அந்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் வளர்ச்சி விகிதம் ஒரே நிலையில் நிற்கவில்லை; முதற் பத்தாண்டில் நூற்றுக்கு 17.5 வீதமாக இருந்தது, அடுத்த பத்தாண்டில் 15.4 வீதமாகத் தாழ்ந்தது. குடும்பங்கள் சிறுத்துவந்த காலம் அது. விகிதம் தாழ்ந்துவரும்போது உண்மை எண் பெருக்கற் சராசரிக்கு மேலே நிற்கும். விகிதம் உயர்ந்துவரும்போது கீழே நிற்கும். 1961-ஆம் ஆண்டு இந்தியக் கணக்கில் நாம் கண்டது பின்னது. இங்கே காண்பது முன்னது.

ஆகவே நாம் செய்யத்தக்கது, பெருக்கற் சராசரியைக் கைவிடுவதன்று, அதனைத் திருத்துவது. மாநிலக் கணக்கில் உண்மை எண்ணைப் பெருக்கற் சராசரியால் வகுத்தால் 1.0091 வருகிறது. அதாவது ஆயிரத்துக்கு ஒன்பது பேர் கூடுதல். அதே திருத்தத்தைத் தமிழ் பேசுவோர்க்கும் இட்டு, 446.97-ஐ 1.0091-ஆல் பெருக்கினால் 451 லட்சம் கிடைக்கிறது. எனவே 1981-ஆம் ஆண்டில் இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாக உடையோர் ஏறத்தாழ நான்கு கோடியே 51 லட்சம் என்று மதிப்பிடலாம். இது அதிகாரபூர்வமான எண்ணன்று, நம் மதிப்பீடு. இதனைச் சரிபார்க்க விரும்புவோர் மேற்கண்ட எண்களைக் கொண்டு தாமே ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

இந்த மதிப்பீட்டைக் கையாளும்போது இதன் எல்லையையும் மறத்தலாகாது. நான்கு கோடியே 51 லட்சம் என்று கடைசி இரு இலக்கங்களை ஓரளவு துணிந்து கூறுகிறோம். அதற்கு மேல் நுணுகி, ஆயிரம் நூறு என்று எழுதினால் அது இல்லாத உறுதியை இருப்பதுபோலக் காட்டுவதாகும். மேலும், மொத்தத் தொகையைத்தான் இவ்வாறு மீட்க முடியும். எத்தனை பேர் எழுத்தறிந்தவர், எத்தனை பேர் வீட்டில் தமிழும் வெளியில் வேறொரு மொழியும் பேசினர், எந்தத் தாலுக்காவில் எம்மொழியினர் எத்தனை பேர் என்பன போன்றவற்றைச் சராசரி சொல்லாது. வெள்ளம் கொண்டுபோனது ஓர் எண்ணை மட்டுமன்று; ஒவ்வொரு வீட்டாரும் தாம் இன்னார் என்று கூறிய விடைகளையும் கொண்டுபோயிற்று.

இதில் நாம் கவனிக்கத்தக்க விந்தையும் உண்டு. அழிந்தவை தமிழ்நாட்டின் ஏடுகள். அவ்வாண்டில் பிற மாநிலங்களில் குடியிருந்து, தாய்மொழி தமிழ் என்று கூறியவர்களின் விடைகள் அவ்வெள்ளத்தில் போகவில்லை. ஊரில் இருந்தோர் எண் விடுபட, ஊரை விட்டு வந்தோர் எண் நிலைத்தது. இவ்வாறு நிலைத்தது நம் நற்பேறு என்றே கொள்ளவேண்டும். ஏனெனில், வெளிமாநிலங்களில் நம்மவர் தொகை விட்டுப்போயிருந்தால் அதனைப் பெருக்கற் சராசரியால் மீட்பது மிகவும் அரிது. குடியேறியோர் தொகை பிறப்பினால் மட்டும் பெருகுவதன்று. ஓர் ஆலை திறந்தால் கூடும். ஓர் அலுவலகம் இடம் மாறினால் குறையும். ஓய்வு பெற்றோர் ஊர் திரும்புவர். புதிதாக வேலை பெற்ற இளைஞர் அவர்தம் இடத்தில் வந்து சேர்வர். அத்தகைய ஏற்றத்தாழ்வுக்கு ஒரே விகிதம் என்பது பொருந்தாது. நம்மைப் பொறுத்தவரை, எண்ணினால் உண்டு; எண்ணாவிட்டால் இல்லை.

இவையெல்லாம் பழைய கதை என்று ஒதுக்கிவிட இயலாது. 2021-இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு நோய்த்தொற்றுக் காலத்தில் தள்ளிப்போய், அவ்வாண்டில் நடைபெறவே இல்லை. அடுத்த கணக்கெடுப்பு, பனி பெய்யும் சில பகுதிகள் நீங்கலாக நாடு முழுவதற்கும், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொள்ளும் என்று 2025 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. ஆகவே 2021-ஆம் ஆண்டுக்கு எண்ணிக் கண்ட தொகை என்றும் இராது. 2027-ஆம் ஆண்டு எண் கிடைத்த பின்னர், 1981-க்கு நாம் செய்ததுபோல் இதற்கும் இடைமதிப்பீடு செய்யவேண்டிவரும்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. 2021 என்பது 2011-க்கும் 2027-க்கும் சரிநடுவில் இல்லை. பதினாறு ஆண்டுகளில் பத்தாவது அது. இதற்கும் வழி உண்டு. 16, 24, 36, 54, 81 என்னும் வரிசையைப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் ஒன்றரை மடங்கு. இரு முனைகளாகிய 16-உம் 81-உம் மட்டும் தெரிந்தால், பெருக்கற் சராசரி நடுவிலுள்ள 36-ஐத் தருகிறது. கால் தூரத்தில் உள்ள 24-ஐக் காண, 16-ஐ மூன்று முறையும் 81-ஐ ஒரு முறையும் எடுத்துப் பெருக்கி நான்காம் மூலம் காணவேண்டும். எந்த முனை அருகில் உள்ளதோ அதற்குக் கூடுதல் எடை என்பதே இதன் கருத்து. மடக்கையைக் கொண்டு செய்வோர்க்கு இன்னும் எளிது: இரு முனைகளின் மடக்கை வேறுபாட்டில் எட்டில் ஐந்து பங்கை 2011-ஆம் ஆண்டு மடக்கையோடு கூட்டினால் 2021-க்குரிய மடக்கை கிடைத்துவிடும்.

அவ்வாறு கணித்தாலும், இடையில் வந்த கொள்ளைநோயும், ஊர்களுக்குக் கால்நடையாய்த் திரும்பிய தொழிலாளர் கூட்டமும், மீண்டும் அவர்கள் நகரங்களுக்கு வந்ததும் அந்த எண்ணில் தெரியமாட்டா. 1921-இல் எண்ணியதால் நாட்டின் இழப்பு ஏட்டில் பதிந்தது. 2021-இல் எண்ணாததால் அவ்வாண்டின் நிலை அவ்வாறு பதியவில்லை. இதனை எந்தச் சராசரியும் ஈடு செய்யாது.

நாம் கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். விகிதத்தில் வளரும் பொருளின் இடையெண் விடுபட்டால் பெருக்கற் சராசரியால் அதனைத் தேடலாம். விகிதம் இடையில் மாறியிருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தால், அதனோடு சேர்ந்து வளர்ந்த வேறொரு தொகையைச் சாட்சியாக வைத்துத் திருத்தலாம். கிடைத்த விடையை மதிப்பீடு என்றே குறிக்கவேண்டும். எண்ணிய எண்களின் வரிசையில் வேறுபாடின்றி வைத்தல் கூடாது.

குடிக்கணக்கு ஒருவரை அவர் பூர்வீக ஊரில் வைத்து எண்ணுவதில்லை. அவர் குடியிருக்கும் இடத்தில் வைத்தே எண்ணுகிறது. பிறந்த இடம் எது, முன்பு வாழ்ந்த இடம் எது, தாய்மொழி யாது, அறிந்த பிற மொழிகள் யாவை என்று கேட்டு எழுதிக்கொள்கிறது. ஆதலின், கணக்கெடுப்பவர் நம் வாயிலுக்கு வரும்போது, வேலைக்குச் சென்றவர், விடுதியில் தங்கிப் படிப்பவர், தளர்ந்த முதியவர் என எவரும் விடுபடாதபடி பார்த்து, கேட்ட ஒவ்வொரு வினாவுக்கும் சரியான விடை கூறுவோம். வீட்டிலே பேசும் மொழியை, வந்தவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று மாற்றிச் சொல்லாதிருப்போம். 1981-இன் வெற்றிடத்தை நம்மால் ஓரளவேனும் நிரப்ப முடிந்ததற்குக் காரணம், 1971-லும் 1991-லும் வாயிலுக்கு வந்தவரிடம் கோடிக்கணக்கானோர் உள்ளபடி விடை கூறியதே.